நாலு புளியங்கொட்டைக் கடிதம்

உங்களில் பலர் இங்கிலீஷ் கிராமரைப் பிரம்படி வாங்கிப் படித்திருப்பீர்கள். நான் அதை என்னைப் பெற்ற ஆத்தாவின் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து, பித்தளைத் தட்டில் புளியங்கொட்டை போட்டுப் படித்தேன். சப்ஜெக்ட், பிரெடிகேட் என்ற சொற்கள் எங்காவது காதில் விழுந்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது ஒரு வாடை. சவுக்காரம் போட்டு வெந்நீரில் அலசிய பழைய வேட்டித் துணியின் வாடை.

பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அந்தந்த நாளுக்கு உரியதை அந்தந்தப் பக்கத்தில் எழுதிவிடுவேன். இந்த ஒரு ஐப்பசி மாதம் மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. நினைவில் இருப்பதை வரிசைப்படுத்தி எழுதப் பார்க்கிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். அந்த நாளில் வீடுகளில் கடிதம் எப்படி எழுதுவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. நாங்கள் கண்டனூரில் இருந்தோம். அப்பாவை அப்பச்சி என்போம். அவர் பர்மாவில், ரங்கூனுக்கு மேலே ஆற்றோரத்து ஊர் ஒன்றில் கடை பார்த்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்பச்சியின் அண்ணன்தான் பொறுப்பு. அவரைப் பெரியப்பச்சி என்போம். குரல் உயர்த்த மாட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லுமுன் மீசையைத் தடவுவார். அதைப் பார்த்ததுமே கேட்டவர் எழுந்து போய்விடுவார்.

அந்த வருடம் அம்மானும் எங்கள் வீட்டில் இருந்தார். ஆத்தாவின் ஒரே தம்பி. அக்காவை ஆச்சி என்று கூப்பிடுவார். பர்மாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காய்ச்சலோடு திரும்பி வந்தவரை மறுபடி கப்பல் ஏற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. ஹைஸ்கூல் முடித்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். மருந்துச் சீசா லேபிளா, ரயில்வே நோட்டீஸா, எது வந்தாலும் அவரிடம்தான் வரும். அப்போது மட்டும் அவருடைய முதுகு நிமிரும். மற்ற நேரங்களில் பிழைக்கத் தெரியாத பிள்ளை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஆத்தாவுக்கு வயிற்றில் கட்டி. அதோடு உதிரப்போக்கு. நான் இப்போது இந்தச் சொல்லை எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அப்போது அதை யாரும் சொன்னதில்லை. பெண்கள் "அது" என்பார்கள். ஆண்கள் "உடம்புக்கு முடியல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆடி மாதம் பக்கத்து வீட்டில் ஒரு பிரசவம் சிக்கலாகி, மதுரைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா காரில் வந்தார். துரைசானி என்று தெருவே கூடி நின்றது. வந்த இடத்தில் ஆத்தாவையும் பார்க்கச் சொன்னார்கள். உயரமான, வெயிலில் சிவந்த பெண். கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். வெளியே வந்து அம்மானிடம் இங்கிலீஷில் சொன்னார். கட்டியை அறுத்து எடுக்க வேண்டும். இப்போதே கூட்டிப் போகத் தயார்.

பெரியப்பச்சி மீசையைத் தடவினார். தம்பி கடல் கடந்து இருக்கும்போது தம்பி பெண்டாட்டியைக் கத்திக்குக் கொடுக்க முடியாது என்றார். பர்மாவுக்கு எழுதினார்கள். அப்பச்சியிடமிருந்து, அண்ணன் சொல்கிறபடி செய்யவும் என்று பதில் வந்தது. அண்ணன், தம்பி வரட்டும் என்றார். ஆக, இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதைக்கு நடுவில் ஆத்தா கட்டிலில் கிடந்தாள்.

அன்றைக்கு டாக்டரம்மா கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மறுபடி போக்கு வந்தால் வண்டியில் ஏற்றக் கூடாது, குலுங்கினால் ஆபத்து. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் அவர் சிவகங்கைக்கு வந்து தங்கி நோயாளிகளைப் பார்க்கிறார். அங்கே எழுதினால் காரில் வந்துவிடுவார். இதை இங்கிலீஷில் அம்மானிடம் சொல்லிவிட்டு, ஆத்தாவின் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில், "எழுது. உடனே எழுது. நான் வரும்" என்றார். அவர் போன பிறகு ஆத்தா அதை அதே குரலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அதை நம்பினாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ஆவணியும் புரட்டாசியும் பெரிய தொந்தரவில்லாமல் போயின. ஆத்தா எழுந்து உட்கார்ந்து வெற்றிலை போடும் அளவுக்கு இருந்தாள். மதியங்களில் அம்மான் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். நோயாளியிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. அதனால் தன் பழைய கிராமர் புத்தகத்தை எடுத்து வந்து என்னைக் கேள்வி கேட்பார். புத்தகத்தின் அட்டை போய், அதற்குப் பதில் ரங்கூன் ஜவுளிக் காகிதம் ஒட்டியிருந்தது. நான் பதில் சொல்வதை ஆத்தா கேட்டுக்கொண்டிருப்பாள். தம்பி தன் பக்கத்தில் உட்கார அது ஒரு சாக்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஏண்டா தம்பி, சப்ஜெக்ட் சப்ஜெக்ட்டுங்கிறியே, அது யாரு?"

"வேலையச் செய்யிறவுக, ஆச்சி."

"ஆப்ஜெக்ட்?"

"அந்த வேலை யாரு மேல விழுகுதோ, அவுக."

ஆத்தா வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "அப்ப இந்த வீட்ல நான்தான் ஆப்ஜெக்ட்டு" என்றாள். அம்மான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மானுக்கு மிகப் பிடித்தது பாசிவ் வாய்ஸ். அதுதான் மரியாதையான வாய்ஸ் என்பார். யார் செய்தார்கள் என்று காட்டிக்கொடுக்காது. 'நான் பார்த்தேன்' என்பது சந்தைப் பேச்சு. 'என்னால் பார்க்கப்பட்டது' என்பது கச்சேரிப் பேச்சு, சர்க்கார் ஆபீஸில் பேசுவது. அதேபோல ஃபுல்ஸ்டாப் அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பாடம் சொன்ன ஹைஸ்கூல் வாத்தியார், பெரிய மனிதர்களுக்கு எழுதும்போது அடிக்கடி வாக்கியத்தை முடிப்பது அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போல என்று சொல்லியிருந்தாராம். ஆகவே அம்மான் தான் எழுதியதை வாசிக்கும்போது, ஃபுல்ஸ்டாப் வரும் இடத்தில் எல்லாம் நான் தட்டில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். கடைசியில் தட்டைப் பார்ப்பார். கொட்டை குறையக் குறைய எழுத்து உயர்ந்தது. பத்துக்கு மேல் போனால் கடையில் எடுபிடி வேலை பார்க்கும் அடுத்தாள் எழுதிய எழுத்து என்பார். அஞ்சுக்குள் நின்றால் கலெக்டர் மேஜைக்குப் போகலாம். வறுத்த கொட்டைகள் தட்டில் விழும் ஓசை எனக்குப் பிடிக்கும். அதனால் கொட்டை குறைந்தால் எனக்கு வருத்தம்.

இப்போது என் மகள் வாத்தியார் பயிற்சிக்குப் போய் வந்து சொல்கிறாள். வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணி, இந்த எழுத்து எந்த வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் என்று அளந்துவிடுகிறார்களாம். சின்ன வாக்கியம் நல்லதாம். கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அளந்தோம். அதே அளவுதான், தலைகீழாக.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தண்ணீர் விழும் சத்தம் ஓயவே இல்லை. ஒருநாள் காலையில் ஆத்தா என்னைக் கூப்பிட்டாள். எழுந்திருக்காமல், கண்ணை மட்டும் திருப்பி, "அம்மான்ட்ட போய்ச் சொல்லு, திரும்ப வந்துருச்சுன்னு" என்றாள். என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். துணிகளை மூலையில் பார்த்திருந்தேன்.

அம்மானிடம் சொன்னேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு வரவில்லை. பக்கத்தில் என் சிலேட்டு இருந்தது. அதை இழுத்து, நின்றபடியே குச்சியால் எழுதினார். பெரிய எழுத்து. எனக்கே வாசிக்க முடிந்தது. 'மை சிஸ்டர் இஸ் பிளீடிங். ப்ளீஸ் கம்.' அவ்வளவுதான். இரண்டு கொட்டை.

அதைக் காகிதத்தில் எடுத்து எழுதி, அந்தக் காலைத் தபாலில் போட்டிருந்தால் மறுநாள் சிவகங்கையில் கிடைத்திருக்கும். அது இங்கிலீஷ் மாதத்தின் முதல் வாரம். டாக்டரம்மா அங்கே இருந்தார்.

அம்மான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன், என்னைக் கேட்டார்.

"கம்முங்கிறதுக்குச் சப்ஜெக்ட் எங்க?"

"காணோம் அம்மான்."

"மறைஞ்சு நிக்குது. யூ. இம்பரேட்டிவ் மூட். உத்தரவு போடுறது." குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "துரைசானிக்கு நாம உத்தரவு போட முடியுமா? அங்க ஆஸ்பத்திரிக் கூட்டத்துல எவனாவது படிச்சா, பிளட்டு கிளட்டுன்னு ஆச்சியப் பத்தி எழுதியிருக்கானேன்னு சிரிப்பான்" என்றார்.

உள்ளங்கையால் துடைத்தார். சிலேட்டு முழுவதும் வெள்ளையாகப் பரவியது. அந்தச் சிலேட்டின் மரச்சட்டத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். எங்கே போனதென்று தெரியவில்லை. தேடியிருக்கிறேன்.

தந்தி அடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மானும் கேட்டார். பெரியப்பச்சி மீசையைத் தடவினார். "தந்தின்னா ஊரு என்ன நினைக்கும்? உசுரோட இருக்கிற பிள்ளைக்கு எழவுச் செய்தியா அடிக்கிறது? அவுக எழுதத்தானே சொன்னாக. எழுதுங்க. நல்லா எழுதுங்க. கவுரவமா இருக்கணும்." ஆள் அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. வேலைக்காரனை விட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று அதுவும் நின்றது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெரியப்பச்சி அன்று மதியம் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும். இலை அப்படியே திரும்பி வந்தது.

அம்மான் முகப்பு அறையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ரங்கூனிலிருந்து வந்த கனமான காகிதம். அப்பச்சி விட்டுப்போன பேனா. அன்று பகல் முழுக்க எழுதினார். மறுநாளும் எழுதினார். கிழித்த காகிதங்களை நான் பொறுக்கி அடுக்கினேன். உள்ளே கட்டிலுக்கும் முகப்புக்கும் நான் நடந்துகொண்டே இருந்தேன். "என்னடி, எழுதிட்டானா?" என்பாள் ஆத்தா. "எழுதுறாக" என்பேன்.

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எந்தக் கடிதமும் நல்ல வார்த்தையில்தான் தொடங்க வேண்டும். இங்கு அனைவரும் க்ஷேமம், அங்கு தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். அப்பச்சிக்குப் போகும் கடிதம் அப்படித்தான் தொடங்கும். வீட்டில் அம்மை போட்டிருந்தபோதும் அப்படித்தான் தொடங்கியது. படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். முதல் பத்தியைக் கண்ணால் தாண்டிவிட்டுக் கீழே போவார்கள். கெட்டது கடைசியில்தான் இருக்கும், அதுவும் பூசி மெழுகி. அம்மான் இதை அப்படியே இங்கிலீஷில் எழுதினார். கடவுள் கிருபையால் இந்த இல்லத்தில் யாவரும் பூரண சுகம் என்று. துரைசானிக்கும் கீழே போய்ப் படிக்கத் தெரியும் என்று நம்பினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாசித்துக் காட்டினார். பெரியப்பச்சி, இரண்டு பங்காளிகள், கணக்குப்பிள்ளை. ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அம்மான் நின்றுகொண்டு வாசித்தார். மழைச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் ஏறியது. நான் கொட்டையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். வாக்கியம் முடியவே இல்லை. கமா வரும், செமிகோலன் வரும், விச் என்பார், வேர்ஆஃப் என்பார், மறுபடி நீளும். அம்மானின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவழியாக ஒரு கொட்டை விழுந்தது. பங்காளிகளில் ஒருவர் மூச்சு விட்டார்.

முடிந்தபோது தட்டில் நாலு கொட்டை. இரண்டு பக்கக் கடிதத்துக்கு நாலு.

"காரைக்குடியில ரயில் ஏறுனா திருச்சியில தானய்யா நிக்கிது" என்றார் கணக்குப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பச்சி தலையை ஆட்டினார். மீசையைத் தொடவில்லை. பர்மாக் காய்ச்சலோடு திரும்பி வந்த நாளிலிருந்து அம்மானைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் அப்படித் தலையாட்டியதில்லை. அம்மானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அக்கா உள்ளே செத்துக்கொண்டிருக்க அந்த வெளிச்சம் வந்தது என்று நான் பல வருடம் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது கோபம் இல்லை. அதற்குப் பதில் வேறொன்றும் வரவில்லை.

அம்மான் உள்ளே போனதும் ஆத்தா கேட்டாள். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "இம்புட்டு நீளமா இருக்கே, அவ படிச்சு முடிச்சுட்டு வருவாளா, படிச்சுக்கிட்டே வருவாளா?"

"சிரிக்காதீக ஆச்சி. அசங்கக் கூடாது."

"நான் எங்கடா சிரிச்சேன்" என்றாள்.

மறுநாள் காலைத் தபாலில் கடிதம் போனது. அன்றிலிருந்து ஆத்தா கார் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். காரைக்குடி ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் என்னை வாசலுக்கு அனுப்புவாள். டாக்டரம்மா உட்கார முகப்பிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலருகே போடச் சொன்னாள். சட்டம் பர்மாத் தேக்கு, கைப்பிடியில் மயில் செதுக்கியிருக்கும். காலையும் மாலையும் அதைத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டேனா என்று படுத்தபடியே கையை நீட்டி மயில் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். விரல்கள் வெளுத்து, கழுவிய வாழைத்தண்டு மாதிரி இருந்தன. பெண்கள் துணி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வைத்தியர் கொடுத்த கஷாயம் கட்டிலுக்கடியில் ஆறிக்கொண்டிருந்தது. என்னிடம் அவள், துரைசானி வந்தால் முதலில் காப்பி கொடுக்க வேண்டும், சீனி தனியாக வைக்க வேண்டும் என்று சொன்னாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கும் அடுத்த நாள் முற்பகலில் போய்விட்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஹாரன் கேட்டது என்று போயிருந்தேன். சிங்கம்புணரிச் சந்தைக்குப் போகும் லாரி.

பதில் மறுநாள் வந்தது.

வீடு நிறைய ஆட்கள். அழுகைச் சத்தத்துக்கு நடுவில் தபால்காரர் வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மான் அதை வாங்கி, என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு, நெல் அவிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே யாரும் இல்லை. உறையைப் பிரித்தார். பார்த்தார். கண் வீங்கியிருந்தது. "எனக்கு எழுத்துத் தெரியல. நீ வாசி" என்று கொடுத்தார்.

சின்னக் காகிதம். பெரிய, நிமிர்ந்த எழுத்து. வாசித்தேன். என் பாவாடை முடிச்சில் கொட்டைகள் இருந்தன. ஃபுல்ஸ்டாப் வந்ததும் கை தானாகப் போய் ஒன்றை எடுத்து மண் தரையில் போட்டது. அம்மான் தடுக்கவில்லை.

உங்கள் அன்பான கடிதத்துக்கு நன்றி. ஒன்று. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். ஒன்று. இங்கே நல்ல மழை. ஒன்று. வாசலில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். ஒன்று. நான் சனிக்கிழமை வரை சிவகங்கையில் இருப்பேன். ஒன்று. உங்கள் சகோதரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஒன்று. அவருக்கு மறுபடி முடியாமல் போனால் உடனே எழுதுங்கள். ஒன்று. நான் வருவேன். ஒன்று.

என் வாழ்க்கையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நானாக வாசித்த முதல் இங்கிலீஷ் கடிதம் அது. அதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

"என்னைக்கு எழுதியிருக்கு?" என்று கேட்டார் அம்மான். தேதியைச் சொன்னேன். அன்றைக்கு ஆத்தா மயில் கழுத்தைத் தடவிப் பார்த்து, இடுக்கில் தூசி இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அம்மான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தரையில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

பெரியப்பச்சி என்ன தபால் என்று கேட்டார். அம்மான், "டாக்டரம்மாட்ட இருந்து. வரத் தோதுப்படலையாம்" என்றார்.

அதை வைத்து வீட்டுப் பெண்கள் டாக்டரம்மாவைப் பல வருடம் ஏசினார்கள். வெள்ளைக்காரிக்கு நம் உயிர் ஒரு பொருட்டா என்றார்கள். அம்மான் கேட்டுக்கொண்டிருப்பார். மறுத்துப் பேசினால் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். டாக்டரம்மாவை நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாசல் நிறைய நோயாளிகள். நின்றபடி ஒரு கடிதத்தைப் பிரிக்கிறார். எல்லோரும் பூரண சுகம் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அதற்கு மேல் அவர் ஏன் படிக்க வேண்டும்? படித்திருந்தாலும், ரத்தம் என்ற சொல் அதில் எங்கேயும் கிடையாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தின் நகல் அம்மானிடம் இருந்தது. அப்படி ஒரு கடிதம் இந்தப் பக்கத்தில் யாரும் எழுதியதில்லை என்ற பேச்சு பள்ளத்தூர் வரை போயிற்று. பங்காளி வீடுகளில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் அந்த நகலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதன் முதல் பத்தியை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டு, கீழே தங்கள் குறையைச் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வரவில்லை, ரோடு இடிந்துவிட்டது, கொள்ளை போய்விட்டது, இங்கு யாவரும் பூரண சுகம். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மான் எடுத்துக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. என்னிடம் அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கிராமர் கேட்கவில்லை.

அப்பச்சி பர்மாவிலிருந்து வந்தது அதற்கடுத்த வருடம். மூன்று வருடத் தவணை முடியாமல் கடையை விட்டு வர முடியாது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதமும் க்ஷேமத்தில்தான் தொடங்கியிருந்தது. வந்து நாலைந்து நாள் ஆயிற்று. பிறகு ஒரு மத்தியானம் அம்மானைக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். மயில் நாற்காலியில்தான் அப்பச்சி உட்கார்ந்திருந்தார். அது மறுபடி முகப்புக்கு வந்திருந்தது.

அம்மான் நின்று வாசித்தார். இந்தத் தடவை குரல் ஏறவில்லை. நான் தூணோரம் நின்றேன். கையில் கொட்டை இல்லை. ஆனாலும் நாலு இடத்திலும் விரல் அசைந்தது.

அப்பச்சி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் காகிதத்தை வாங்கித் தன் மடியில் விரித்துக்கொண்டார். அவருக்குத் தமிழும் பர்மாப் பேச்சும்தான் தெரியும். எழுத்தின் மேல் கையை வைத்துத் தடவிவிட்டு, "மாப்ளே, இதுல அவ எங்குட்டு வர்றா?" என்று கேட்டார்.

அம்மான் குனிந்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துக்குச் சற்று மேலே, கடைசி வாக்கியத்தின் வாலில் விரலை வைத்தார். அப்பச்சி அந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டார்.  பிறகு விரலை எடுக்காமல், மேலே இருந்த எழுத்தையெல்லாம், முன் பக்கத்தையும் சேர்த்து, பார்வையால் காட்டினார்.

"அப்ப இதெல்லாம் என்ன?"

"அதெல்லாம் மரியாதை அத்தான்."

அம்மான் இதைச் சொல்லிவிட்டு அப்பச்சியின் முகத்தையே பார்த்தார். அவர் திட்டுவார், அடிப்பார், எதையாவது செய்வார் என்று காத்திருந்தார் என்று எனக்குப் பட்டது. அதற்காகத்தான் அத்தனை மாதம் அந்த நகலைக் கிழிக்காமல் வைத்திருந்தார் என்றும் பட்டது.

அப்பச்சி காகிதத்தை மடித்தார். மடிப்பை நகத்தால் நீவிவிட்டார். "சரிதான். மரியாதை இல்லாம எப்படி எழுதுறது" என்று சொல்லி அதை அம்மானிடமே திருப்பிக் கொடுத்தார்.